சிட்னி முதல் கெய்ன்ஸ் வரை: எந்தப் பாதி, எந்த வண்டி?

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரமாக வேனில் போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கம்பெனியில் வண்டி எடுக்கலாம் என்பதைத்தான். அது கடைசியாக முடிவு செய்ய வேண்டிய விஷயம். வரைபடத்தைப் பார்த்தால் சாலை கடலை ஒட்டியே போவது போலத் தோன்றும். உண்மையில் அந்த நெடுஞ்சாலையிலிருந்து பெரும்பாலான நேரம் கடல் தெரியாது. இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் மற்ற முடிவுகள் எல்லாம் எளிதாகும்.

சிட்னியிலிருந்து பிரிஸ்பேனுக்குப் பசிபிக் நெடுஞ்சாலை வழியாக ஏறக்குறைய 920 கி.மீ. அங்கிருந்து கெய்ன்ஸுக்கு புரூஸ் நெடுஞ்சாலையில் இன்னும் 1,680 கி.மீ. இதில் பெரும்பகுதி யூகலிப்டஸ் காடு, மாட்டுப் பண்ணை, கரும்புக் காடு. கடல் வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் வலப்பக்கம் திரும்பி, பத்து, இருபது, சில இடங்களில் அறுபது கிலோமீட்டர் வரை கிளைச்சாலையில் போய், தங்கி, அதே வழியில் திரும்பி வர வேண்டும். மிரியம் வேலில் திரும்பினால் ஏக்னஸ் வாட்டர், 1770-ல் கேப்டன் குக் கரையிறங்கியதால் அந்த ஆண்டையே பெயராகக் கொண்ட '1770' என்ற சிற்றூர். ப்ராசர்பைனில் திரும்பினால் ஏர்லி பீச். டல்லியில் திரும்பினால் மிஷன் பீச். இந்தக் கிளைச்சாலைகளையெல்லாம் சேர்த்தால் 2,600 கி.மீ. பயணம் எளிதாக 3,500-ஐத் தொடும்.

இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு இதை முடிக்க நினைத்தால் ஒரு நாள்கூட விடாமல் தினமும் 250 கி.மீ. ஓட்ட வேண்டும். ஓட்டலாம், ஆனால் பார்த்ததெல்லாம் தார்ச்சாலையாகத்தான் இருக்கும். முழுக் கரைக்கும் ஐந்து, ஆறு வாரம் கொடுக்க முடிந்தவர்கள் தாராளமாகப் போகட்டும். மூன்று வாரத்துக்குக் குறைவாக இருந்தால் ஒரு பாதியைத் தேர்ந்தெடுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

தெற்குப் பாதியும் வடக்குப் பாதியும்

சிட்னி–பிரிஸ்பேன் பாதியின் பெரிய பலம் அதன் தேசியப் பூங்காக்கள். மயால் லேக்ஸ், க்ரவுடி பே, ஹாட் ஹெட், யுரேகிர், பண்ட்ஜலங் என்று வரிசையாக இருக்கின்றன. கடற்கரையிலிருந்து நடக்கும் தூரத்திலேயே வேனை நிறுத்தித் தூங்கலாம். சவுத் வெஸ்ட் ராக்ஸ் பக்கத்தில் ட்ரையல் பே என்ற இடத்தில் 1886-ல் திறந்த பழைய கருங்கல் சிறை ஒன்று உண்டு. முதல் உலகப் போரின்போது ஜெர்மானியர்களை அடைத்து வைத்திருந்த இடம். அதன் மதிலை ஒட்டியே முகாம், முன்னால் அலையடிக்காத விரிகுடா. நீச்சல் சரியாகத் தெரியாத நம்மவர்களுக்கு இப்படிப்பட்ட அமைதியான தண்ணீர் பெரிய வரம். யுரேகிரில் காலையில் முகாமுக்குள் ஈமு நடந்து வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அந்தக் கரையோர ஈமுக்கள் இன்று அருகிவரும் கூட்டம், சாப்பாடு கொடுத்துப் பழக்கக் கூடாது.

சாலையும் தெற்கில்தான் சுகம். நியூகாசிலை அடுத்த ஹெக்ஸமிலிருந்து குவீன்ஸ்லாந்து எல்லை வரை பசிபிக் நெடுஞ்சாலையை நடுவே பிரித்த நான்கு வழிச் சாலையாக மாற்றும் வேலை 2020 டிசம்பரில் முடிந்தது. எதிரே லாரி வருகிற பயமில்லாமல், பெரிய வண்டி ஓட்டிப் பழகாதவர்களும் ஓட்டலாம். வழியில் காஃப்ஸ் ஹார்பருக்கு வடக்கே வுல்கூல்கா. வாழைத் தோட்டங்களுக்கு வந்து வேரூன்றிய பஞ்சாபிகளின் ஊர், இப்போது ப்ளூபெர்ரியும் அவர்கள் கையில்தான். ஊருக்கு நடுவே பெரிய குருத்வாரா இருக்கிறது. ஆஸ்திரேலியக் கிராமப்புறம் நமக்கு அந்நியமானது என்று நினைக்கிறவர்கள் அங்கே ஒரு மணி நேரம் செலவிடலாம்.

குறை என்னவென்றால் கூட்டம். டிசம்பர் கடைசியும் ஜனவரியும் பள்ளி விடுமுறை. முகாம் இடங்களைப் பல மாதங்களுக்கு முன்பே பிடித்துவிடுவார்கள், வண்டி வாடகையும் எகிறும். மார்ச் கடைசி முதல் மே வரை (ஈஸ்டர் வாரம் நீங்கலாக) கடல்நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், இடமும் கிடைக்கும். இந்தப் பாதிக்கு அதைவிட நல்ல காலம் இல்லை.

வடக்குப் பாதி முற்றிலும் வேறு உலகம். பெருந்தடுப்புப் பவளத்திட்டு, 74 தீவுகள் கொண்ட விட்சண்டே, கெய்ன்ஸுக்கு வடக்கே டெயின்ட்ரீ மழைக்காடு. உலகத்தில் வேறெங்கும் இவை ஒரே பயணத்தில் கிடைக்காது. ஆனால் இங்கே எப்போது போகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம். 2011 பிப்ரவரியில் யாசி என்ற புயல் மிஷன் பீச் பக்கம் கரையைக் கடந்தது. 2023 டிசம்பரில் ஜாஸ்பர் கொண்டுவந்த மழையில் கெய்ன்ஸ் மூழ்கியது. 2025 பிப்ரவரித் தொடக்கத்தில் டவுன்ஸ்வில்லுக்கு வடக்கே ஒலேரா க்ரீக் பாலம் வெள்ளத்தில் இடிந்து புரூஸ் நெடுஞ்சாலையே துண்டாகிப் போனது. மாற்று வழி என்றால் உள்நாட்டைச் சுற்றிப் பல நூறு கிலோமீட்டர். டல்லி என்ற ஊரில் 1950-ல் ஒரே ஆண்டில் 7.9 மீட்டர் மழை பெய்ததை நினைவுபடுத்த, அதே உயரத்தில் ஒரு தங்க நிற பூட்ஸ் சிலை வைத்திருக்கிறார்கள். படம் எடுக்க அழகான இடம்தான், ஆனால் அந்தச் சிலை சொல்லும் செய்தியை ஜனவரியில் வேனோடு நிற்கிறவர் நேரிலேயே அறிவார்.

மழை இல்லாவிட்டாலும் கடலில் இறங்க முடியாது. நவம்பர் முதல் மே வரை அந்தக் கரையில் பெட்டி ஜெல்லிமீனும், தண்ணீரில் எளிதில் கண்ணுக்குத் தெரியாத இருகாஞ்ஜி என்ற சிறிய ஜெல்லிமீனும் வரும். சில கடற்கரைகளில் வலை கட்டியிருப்பார்கள், படகில் போனால் உடலை மூடும் உடை கொடுப்பார்கள். ஆண்டு முழுக்க இருக்கும் ஆபத்து முதலை. கிளாட்ஸ்டன் பக்கத்து பாய்ன் ஆற்றிலிருந்து வடக்கே எல்லாமே முதலைகள் வாழும் பகுதி என்று குவீன்ஸ்லாந்து அரசே எச்சரிக்கிறது. ஆற்று முகத்துவாரத்தில் பாத்திரம் கழுவுவது, கரையோரம் மீன் கழிவைக் கொட்டுவது எல்லாம் அங்கே விளையாட்டல்ல. பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போக வேண்டும்.

ஆகவே வடக்கு என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். அப்போது வானம் தெளிந்திருக்கும், இரவில் மின்விசிறிகூட வேண்டாம், ஜூலை கடைசியிலிருந்து ஹார்வி பே விரிகுடாவில் கூனல் திமிங்கிலங்கள் குட்டிகளோடு வந்து ஓய்வெடுக்கும். ஆமை முட்டையிடுவதையோ குஞ்சு பொரிப்பதையோ பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. பண்டபெர்க் பக்கத்து மோன் ரெப்போவில் அந்தக் காட்சி நவம்பர்–மார்ச்சில்தான். அதற்காகக் கோடையில் போகிறவர்கள் பண்டபெர்க்கோடு திரும்பிவிடுவது நல்லது.

வடக்கின் சலிப்பான பகுதி ராக்ஹாம்ப்டனிலிருந்து மக்காய் வரை உள்ள சுமார் 330 கி.மீ. கடல் தெரிவது அரிது, பெரிய ஊர் இல்லை, ஒற்றைச் சாலை, எதிரே இரட்டைப் பெட்டி லாரிகள். காலையிலேயே டேங்க் நிரப்பிக்கொண்டு ஒரே மூச்சில் கடக்க வேண்டும், மாலை மங்கியபின் கங்காரு குறுக்கே பாயும். ஜூன் முதல் நவம்பர் வரை கரும்பு அறுவடை என்பதால் குட்டி ரயில்கள் சாலையைக் கடக்கும், பல இடங்களில் கேட்டே கிடையாது.

அந்தப் பக்கம் போகும் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. கிளாட்ஸ்டனிலிருந்து உள்ளே சுமார் 120 கி.மீ. தொலைவில் பிலோயிலா இருக்கிறது. புகலிடம் கேட்டு வந்த ஈழத்தமிழ்க் குடும்பம் ஒன்றை 2018-ல் அதிகாரிகள் விடியற்காலையில் கொண்டுபோனபோது, அந்தச் சின்ன ஊரின் மக்கள் நான்கு ஆண்டுகள் விடாமல் போராடி 2022 ஜூனில் திரும்ப அழைத்துவந்தார்கள். கடற்கரை இல்லாத ஊர்தான். ஆனாலும் அங்கே ஒரு தேநீர் குடித்து, கடையில் ஏதாவது வாங்கிவிட்டு வருவது அந்த மக்களுக்கு நாம் செய்யும் மரியாதை என்று எண்ணுகிறேன்.

பத்து நாள்தான் இருக்கிறது என்பவர்களுக்கு மூன்றாவது வழி: சிட்னியிலிருந்து தெற்கே, பிரின்சஸ் நெடுஞ்சாலையில் மெல்பர்ன் வரை ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஹெலன்ஸ்பர்க் வேங்கடேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு இறங்கினால் சில நிமிடங்களில் கடலுக்கு மேலேயே வளைந்து போகும் ஸீ க்ளிஃப் பாலம். சாலை உண்மையிலேயே கடலோடு போக வேண்டும் என்றால் மெல்பர்னைத் தாண்டி 243 கி.மீ. நீளமுள்ள கிரேட் ஓஷன் ரோடுதான். போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் 1919-க்கும் 1932-க்கும் இடையே வெட்டிய சாலை அது. தண்ணீர் குளிர்ந்தது, நீச்சல் குறைவு. கோடையில் காட்டுத்தீ அபாயமும் உண்டு. 2019 கடைசி நாளில் மல்லகூட்டாவில் மக்கள் நெருப்புக்கு அஞ்சிக் கடற்கரையில் கூடி நின்றது இந்தச் சிட்னி–மெல்பர்ன் வழியில்தான்.

எந்த வண்டி

மூன்று தேர்வுகள் உண்டு. ஒன்று, டொயோட்டா ஹயேஸ் போன்ற வேனின் கூரையை உயர்த்திச் செய்த சிறிய கேம்பர்வேன். உள்ளே படுக்கையாக மாறும் இருக்கை, குட்டி ஃப்ரிட்ஜ், கேஸ் அடுப்பு, ஒரு சிங்க். இரண்டாவது, நான்கு அல்லது ஆறு பேர் தூங்கும் மோட்டார்ஹோம். கழிவறை, ஷவர் எல்லாம் உள்ளேயே. மூன்றாவது, வேனே வேண்டாம்: சாதாரணக் கார் எடுத்துக்கொண்டு ஹாலிடே பார்க் எனப்படும் கட்டண முகாம்களில் கேபின் (சிறு அறைவீடு) எடுத்துத் தங்குவது.

இரண்டு பேர் போகிறீர்கள், முழங்கால் நன்றாக இருக்கிறது என்றால் சிறிய வேன்தான். கிளைச்சாலைகளின் பயணம் இது என்று மேலே சொன்னேனே, அந்த வளைந்த சாலைகளிலும் பைரன் பே போன்ற நெருக்கமான ஊர்களிலும் சிறிய வண்டியே நிம்மதி. மோட்டார்ஹோம் மூன்று மீட்டருக்கு மேல் உயரம். பல கடைத்தொகுதிகளின் மூடிய கார் நிறுத்தங்களில் உயர எல்லை இரண்டு மீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். மறந்து நுழைந்தால் கூரை போய்விடும், கூரைச் சேதத்தைப் பெரும்பாலான வாடகைக் காப்பீடுகள் ஏற்பதில்லை.

எரிபொருளிலும் வித்தியாசம் பெரிது. 3,500 கி.மீ.க்கு, நூறு கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கும் சிறிய வேனுக்கு 420 லிட்டர். 15 லிட்டர் குடிக்கும் மோட்டார்ஹோமுக்கு 525. ஏழரை லிட்டர் காருக்கு 260-ஐச் சற்றுத் தாண்டும்.

மோட்டார்ஹோமின் கழிவறைதான் பலரை அதன் பக்கம் இழுக்கிறது. நள்ளிரவில் வெளியே போக வேண்டாம் என்பது உண்மையான வசதி. ஆனால் கேசட் எனப்படும் அதன் கழிவுப் பெட்டியை இழுத்தெடுத்து, கழிவு கொட்டுவதற்கென்றே உள்ள டம்ப் பாயின்டில் கொட்டிக் கழுவுவது உங்களில் ஒருவர் செய்ய வேண்டிய வேலை. தண்ணீர் டேங்கும் சிறியது, நம் வீட்டுப் பழக்கப்படி தண்ணீர் புழங்கினால் இரண்டு நாளில் காலி. அதனால் பெரும்பாலான குடும்பங்கள் மோட்டார்ஹோம் எடுத்தும் தினமும் ஹாலிடே பார்க்கில் மின் இணைப்புள்ள இடத்துக்குக் காசு கட்டி, அங்குள்ள பொதுக் குளியலறையையே பயன்படுத்துகின்றன. அப்படித்தான் நடக்கப்போகிறது என்றால் அவ்வளவு பெரிய வண்டிக்கு வாடகையும் டீசலும் கொடுப்பது வீண்.

சமையலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நமக்கு அது சின்ன விஷயமல்ல. வேனுக்குள் தாளித்தால் கடுகும் பெருங்காயமும் மெத்தையில், தலையணையில், திரைச்சீலையில் ஏறி, பயணம் முடியும்வரை இறங்காது. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது சுத்தம் செய்யும் கட்டணம் வேறு கேட்பார்கள். பின்கதவைத் திறந்து வெளியே வைத்துச் சமைக்கும் அமைப்புள்ள வேனை எடுங்கள், அல்லது கையடக்க கேஸ் அடுப்பு ஒன்றைக் கூடவே வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று லிட்டர் குக்கர் போதும். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, தக்காளித் தொக்கு மூன்றும் இருந்தால் சோறு வடித்த பத்து நிமிடத்தில் சாப்பாடு. சிட்னியில் பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் கடைகளிலேயே அரிசி முதல் அப்பளம் வரை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். வழியில் சிற்றூர் சூப்பர்மார்க்கெட்டில் தேங்காய்ப்பால் கிடைக்கும், கறிவேப்பிலை கிடைக்காது. கடற்கரைப் பூங்காக்களில் காசில்லாமல் பயன்படுத்தும் மின்சார பார்பிக்யூ தகடுகள் இருக்கும், அதில் தோசை அருமையாக வரும். மாட்டிறைச்சி சுட்ட தகட்டில் மனம் ஒப்பாதவர்கள் மேலே கனமான அலுமினியத் தாளை விரித்துக்கொள்ளலாம்.

குழந்தைகள் இருந்தால் கணக்கே மாறுகிறது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆஸ்திரேலியத் தர முத்திரையுள்ள குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம், சிறு பிள்ளைகளின் இருக்கைக்கு மேல்பட்டையைக் கொக்கி மாட்டும் இடமும் வேண்டும். சிறிய வேன்கள் பலவற்றில் அந்தக் கொக்கியே இல்லை. 'மூன்று பேர் தூங்கலாம்' என்று விளம்பரத்தில் இருப்பதை நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள். எந்த இருக்கையில், எந்த வயதுப் பிள்ளை உட்காரலாம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மோட்டார்ஹோமில்கூட எல்லா இருக்கையிலும் கொக்கி இருக்காது.

ஊரிலிருந்து அம்மா அப்பாவோ மாமனார் மாமியாரோ வந்திருக்கிறார்கள், அவர்களையும் கூட்டிப் போக வேண்டும் என்றால் நான் காரையும் கேபினையும்தான் சொல்வேன். மோட்டார்ஹோமின் ஒரு படுக்கை ஓட்டுநர் தலைக்கு மேலே, ஏணியில் ஏற வேண்டும். இன்னொன்று தினமும் சாப்பாட்டு மேசையை மடக்கி விரிப்பது. மருமகள் மாமனார் முன்னால் உடை மாற்ற இடம் தேடித் தவிப்பதும், சர்க்கரை நோய் உள்ளவர் இரவில் எழுந்தால் எல்லோரும் விழிப்பதும் எத்தனை நல்ல குடும்பத்திலும் மூன்றாவது நாளே முகத்தில் தெரிந்துவிடும். கேபின் வாடகை மின் இணைப்புள்ள வேன் இடத்தைவிடப் பெரும்பாலும் இரண்டு மூன்று மடங்கு. ஆனால் வண்டி வாடகையில் மிச்சமாவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆறு பேருக்கு அது அதிகமாக இருப்பதில்லை. அதே பார்க், அதே கடற்கரை, கதவு சாத்தும் அறை, பக்கத்திலேயே கழிவறை.

அப்படியானால் வேனுக்கு என்னதான் சிறப்பு? தேசியப் பூங்கா முகாம்கள். அங்கே கேபின் அரிது, விடுதி இல்லை, இரவில் அலைச்சத்தமும் விண்மீனும்தான். அதற்காக மட்டுமே வேன் எடுக்கலாம், அது ஒன்றே போதுமான காரணம். வாரத்தில் நான்கு ஐந்து இரவாவது பூங்காக்களில் தங்கும் திட்டம் இருந்தால் வேன், இல்லையென்றால் கார். இதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் அளவுகோல். கண்ட இடத்தில் நிறுத்தித் தூங்கலாம் என்ற எண்ணத்தில் வேன் எடுக்காதீர்கள். பைரன், நூசா, கெய்ன்ஸ் போன்ற ஊர்களில் தெருவில் வேனுக்குள் தூங்கினால் நகராட்சி ஆட்கள் காலையில் கண்ணாடியைத் தட்டி அபராதம் எழுதுவார்கள். குவீன்ஸ்லாந்து நெடுஞ்சாலை ஓய்விடங்கள் சிலவற்றில் 20 மணி நேரம் வரை அனுமதி உண்டு, களைத்தவர்களுக்கு அது போதும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது

சாதாரணக் கார் உரிமமே 4.5 டன் வரை செல்லும் என்பதால் மோட்டார்ஹோமுக்குத் தனி உரிமம் வேண்டாம். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கையோடு எடுத்து வருவது நல்லது, வாடகைக் கடைகள் கேட்கின்றன.

தினசரி வாடகையை மட்டும் ஒப்பிட்டு மலிவானதைப் பிடிக்காதீர்கள். விபத்து நேர்ந்தால் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய 'எக்ஸஸ்' தொகை பல ஆயிரம் டாலர் இருக்கும், அதைக் குறைக்கத் தினமும் கூடுதல் கட்டணம். வேறு ஊரில் வண்டியை விட்டால் அதற்குத் தனிக் கட்டணம். கூரை, வண்டியின் அடிப்பகுதி, தண்ணீரில் இறக்கிய சேதம், மண்சாலையில் ஏற்பட்ட சேதம் இவை எந்தக் காப்பீட்டிலும் சேராமல் போகலாம். தேசியப் பூங்கா முகாம்களுக்குக் கடைசிச் சில கிலோமீட்டர் மண்சாலையாக இருப்பது சகஜம், அதற்கு அனுமதி உண்டா, எத்தனை கிலோமீட்டர் வரை என்று கேளுங்கள். முன்பு ஃப்ரேசர் தீவு என்றும் 2023 முதல் மீண்டும் கரி என்ற பழங்குடிப் பெயராலும் வழங்கும் மணல் தீவுக்கு இந்த வேன்கள் எதுவும் போகாது. நான்கு சக்கர இயக்க வண்டி மட்டுமே, ஆகவே வேனைக் கரையில் விட்டு ஒரு நாள் சுற்றுலாப் பேருந்தில் போய் வாருங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு டாலர் என்று வரும் 'ரீலொகேஷன்' வண்டிகளைப் பற்றியும் கேட்பார்கள். கம்பெனி தன் வண்டியை வேறு ஊருக்குக் கொண்டுபோகத் தரும் சலுகை அது. நாள் கணக்கு மிகக் குறைவு, நேராக ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கிளைச்சாலையில் திரும்ப நேரம் இல்லாதவருக்கு இந்தக் கரையில் பார்க்க எதுவும் மிஞ்சாது. ஊர் மாறிப் போகிற மாணவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு, சுற்றிப் பார்க்கிற குடும்பத்துக்கு அல்ல.

முன்பதிவை முகாமிலிருந்து தொடங்குங்கள். ட்ரையல் பே, மயால் லேக்ஸ் போன்ற இடங்கள் வார இறுதிகளில் சீக்கிரம் நிரம்பும். அவை கிடைத்த தேதிக்கு வண்டியைப் பிடியுங்கள், விமானச் சீட்டு கடைசியில். வடக்குப் பாதி என்றால், கெய்ன்ஸில் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாளுக்கும் விமானம் ஏறும் நாளுக்கும் நடுவே ஒரு முழு நாள் இடைவெளி விடுங்கள். புரூஸ் நெடுஞ்சாலையில் ஒரு விபத்து நடந்தால் மணிக்கணக்கில் இரு பக்கமும் வண்டி நிற்கும், சுற்றிப் போக அங்கே பக்கத்தில் வேறு சாலை கிடையாது.